ஐந்தாம் இலை

சந்திரமதியைப் பற்றி மலாக்காவின் காஜா பேராங்கில் யாரைக் கேட்டாலும் முதலில் தாலிக் கதையைத்தான் சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து கூடியிருந்தது. டவுன் பஸ் ஓட்டும் புருஷன் பொன்னுதுரை ஒரு பக்கம், அவனைத் தூக்கி வளர்த்த அக்கா பாக்கியலட்சுமி ஒரு பக்கம், நடுவில் வெற்றிலைத் தட்டு. சந்திரமதியைக் கண்டித்து வைக்கச் சொல்லித்தான் அவர்கள் ஊரைக் கூட்டியிருந்தார்கள். ஆற்றோரத்தில் ரப்பர் ஷீட் அடுக்கும் கித்தாக் கிடங்குக்கு வேலைக்குப் போகிறாள், சைக்கிள் மிதிக்கிறாள், வீட்டுப் பெரியவளை மதிப்பதில்லை என்று குற்றங்கள் நீண்டுகொண்டே போயின. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, கழுத்தில் கிடந்ததைக் கழற்றித் தட்டில் வைத்து, "தீத்து விட்ருங்க," என்றாள்.

ஒரு பெண் வாய்திறந்து கேட்டுத் தீர்த்துக்கொண்டதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் பிறகு வெகுகாலம் கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னார்கள். அவள் கண் எங்கே இருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தாலி போவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆறு வயது மகள் விஜயா பாக்கியலட்சுமியின் மடியில் உட்கார்ந்துகொண்டு, நடப்பது எதுவும் தெரியாமல் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். சந்திரமதியின் கண் அங்கேயே இருந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் கலியாணசுந்தரம் முனிசிபாலிட்டியில் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய், முள்ளைப் பார்த்து, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தே பழகிப்போன மனுஷன். மனிதர்களுக்கும் எங்கோ ஒரு முள் இருக்கிறது என்பது அவர் எண்ணம். வேலைக்குப் போகிறவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது, ஆகவே விஜயா அப்பா வீட்டில் இருக்கட்டும் என்றார். பெற்றவளுக்கும் பாத்தியதை உண்டு, ஆகவே தீபாவளி, பொங்கல், சித்திரை வருஷப் பிறப்பு என்று பெரிய நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேளை பிள்ளை அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்.

"ஒரு வேளன்னா ஒரு வேளதான். அந்த வீட்டுப் படிய நீ மிதிக்கக் கூடாது. நாளும் கெழமையுமா சண்ட சச்சரவுன்னு ஒரு சத்தம் வந்திச்சு, அதோட இதுவும் நின்னு போயிரும். புரியுதா?"

சந்திரமதிக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் பிள்ளை போய்விடும். வாய் அடங்காதவள் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கியவளுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த தண்டனை.

அவள் இரண்டு சந்து தள்ளிக் கண்ணம்மாவின் பின்கட்டு அறைக்குக் குடிவந்தாள். கண்ணம்மா மலாக்காச் செட்டிப் பரம்பரை. உடுத்துவது கபாயாவும் சாரோங்கும், கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும், வாயில் வருவது மலாய். நடுநடுவே தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றிரண்டு விழும். கல்யாணத்தைத் தீர்த்துவிட்ட பஞ்சாயத்து சிநேகிதர்களைப் பங்கு போட மறந்துவிட்டதால், கண்ணம்மா அந்த வீட்டுக்கும் வேண்டியவளாக இருந்தாள், இந்த வீட்டுக்கும் வேண்டியவளாக இருந்தாள். பொன்னுதுரையோடு பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் சின்னப்பா குடும்பமும் அப்படித்தான். பெரிய நாள் வந்தால் அங்கே முதலில் சாப்பிட்டுவிட்டு, இங்கே வந்து "வயிறு முட்ட இருக்கு, கொஞ்சமா வைங்க," என்பார்கள். அங்கே என்ன கறி, என்ன பலகாரம் என்று சந்திரமதி கேட்க மாட்டாள். அவர்களும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வருஷத் தீபாவளிச் சாப்பாடு வந்தது. புதுப் பாவாடையில் வந்த பிள்ளை விருந்தாளிபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கறியை வைக்க வைக்க, "போதுங்க," என்றது. பெற்ற தாயிடம் ங்க போட்டுப் பேசிற்று. சந்திரமதி அடுப்படிக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்டால் அதையும் சச்சரவு என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயம். அடுத்த வருஷம் விஜயா கொஞ்சம் இளகினாள். கறியில் எலும்பு வேண்டாம், ரசம் வேண்டாம், அப்பளம் இன்னொன்று வேண்டும் என்றாள். சந்திரமதிக்கு அது போதுமானதாக இருந்தது. கிடங்கில் நாள் முழுக்கக் கித்தா ஷீட்டைப் பிரித்துப் பிரித்து அடுக்கும்போது அடுத்த சாப்பாட்டுக்கு என்ன சமைப்பது என்பதையே யோசித்துக்கொண்டிருப்பாள்.

அப்படித்தான் நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருஷத்துத் தீபாவளி வந்தது. விளக்குக் கம்பங்களில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் நனைந்து வெளுத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. விஜயாவுக்கு ஒன்பது வயது. தீபாவளிக் காலைக்கு ஆட்டுக்கறி வேண்டுமென்று பாசார்க் கறிக்கடையில் சொல்லிவைத்திருந்தாள் சந்திரமதி. சின்னப்பா குடும்பம் வருகிறது, கிடங்கில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் வருகிறார்கள், கண்ணம்மா இருக்கிறாள், நடுவில் விஜயா. முதல் நாள் அந்தி சாயும் நேரத்தில் அவள் அம்மி முன்னால் உட்கார்ந்து மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மனசு வெகுநாளைக்குப் பிறகு லேசாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் எல்லார் வீட்டிலும் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. அவரவர் விரும்பித் தின்றதைச் சமைத்து வைத்து, விளக்கேற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, விழுந்து கும்பிட்டு, பிறகு வீட்டார் சாப்பிடுவார்கள். பொன்னுதுரை வீட்டில் நாலு இலை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போன தம்பிக்கு ஒன்று. நாலாவது, அதே ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது போய்த் திரும்பி வராத பாக்கியலட்சுமியின் புருஷனுக்கு. படையலுக்குக் கண்ணம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். போனவள் சாப்பிடாமல் திரும்பி வந்தாள். வந்தவள் ஓடி வந்தாள்.

"அடோய், சந்திரா!" என்று மூச்சு வாங்கினாள். பேசினது மலாயில். "அந்த வீட்டுல கதவத் திறந்தாங்க. நாலு இலை இருக்கணும். அஞ்சு இருக்குது."

"யாருக்காம் அஞ்சாவது?" சந்திரமதி அம்மியிலிருந்து தலை நிமிரவில்லை.

கண்ணம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "யாரு போட்டது, யாருக்குப் போட்டதுன்னு எல்லாரும் கேட்டாங்க. பாக்கியம்தான் சொன்னா. நான்தான் போட்டேன், சந்திரமதிக்குப் போட்டேன், அப்படின்னா."

குழவி நின்றது. உயிரோடு இருப்பவளைச் செத்தவர்களோடு வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். விளக்கேற்றி, ஊரைக் கூப்பிட்டு, பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க. மசாலாக் கையோடு சந்திரமதி எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்த கண்ணம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"போகாதே. நீ அங்க போய்ச் சத்தம் போடணும்னுதான் செஞ்சிருக்கா. தலைவர் அங்கதான் உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை பேசினே, நாளைக்குப் பிள்ளை வராது. பொங்கலுக்கும் வராது. எப்பவுமே வராது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போற?"

"வாசல்ல நிக்கிறேன். படிய மிதிக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க? தெருச் சடக்குல நின்னு அவ மூஞ்சியப் பாக்குறேன். நான் நடமாடிக்கிட்டுத்தான் இருக்கேன்னு எல்லாரும் பாக்கட்டும்."

கையைக்கூடக் கழுவாமல் நடந்தாள். கண்ணம்மா சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சந்து முழுக்கப் பலகாரம் பொரிக்கும் வாசனை. அவளைப் பார்த்த வீடுகளில் பேச்சு நின்று போயிற்று. செய்தி அவளுக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

பொன்னுதுரை வீட்டு முற்றத்தில் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். சின்னப்பா சிகரெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பற்றவைக்க மறந்திருந்தான். நடுவில் நாற்காலி போட்டுக் கலியாணசுந்தரம் உட்கார்ந்திருந்தார். சந்திரமதி வேலிப் படல் ஓரமாக, சடக்கில் நின்றாள். கூப்பிடவுமில்லை, கத்தவுமில்லை. நின்றாள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் பேசியவர் கலியாணசுந்தரம். "நல்ல வேள, நீயே வந்துட்ட. விளக்கேத்தியாச்சு, பேரு சொல்லியாச்சு. போட்ட இலைய அப்படியே எடுத்து வீச முடியாது. வீசினா போட்டது பலிச்சிரும்னு சொல்லுவாங்க. உயிரோட இருக்கிற ஆளே வந்து அந்த இலையில உக்காந்து சாப்புட்டாத்தான் தோஷம் கழியும்."

வாசற்படியில் பொன்னுதுரை வந்து நின்றான். மூன்று வருஷமாக எதிரில் வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறவன். இப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ள வந்து சாப்புட்டுட்டுப் போ," என்றான் தரையைப் பார்த்து.

"இரு, இரு," என்று கலியாணசுந்தரம் கையை உயர்த்தினார். மீட்டர் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. "கூப்புட்டு வர்றதால படிய மிதிச்ச குத்தம் இல்ல. அத நான் விட்டுர்றேன். ஆனா தீபாவளிக்கு ஒரு வேளன்னு பேச்சு. பிள்ள இருக்கிற இந்த வீட்டுல நீ உக்காந்து சாப்புட்டா அந்த ஒரு வேள இதுதான். நாளைக்குப் பிள்ள வராது. ஒனக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு நான் பேச முடியாது."

கூட்டத்தில் யாரோ, "பாவம்," என்றார்கள். பாவம் என்று சொன்னதோடு சரி.

சந்திரமதி யோசிக்கவே இல்லை. "அப்ப நான் வரல."

"தோஷம்டி!" என்றாள் ஒரு கிழவி.

"இருக்கட்டும். செத்தா செத்துட்டுப் போறேன். நாளைக்கு என் பிள்ள என் வீட்டுல சாப்புடணும்."

திரும்பிப் போகத்தான் நினைத்தாள். ஆனால் வந்ததே பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்க்க. அவள் எங்கே என்று திறந்திருந்த கதவு வழியாகக் கண்ணை விட்டாள். விளக்கு வெளிச்சத்தில் கூடம் நன்றாகத் தெரிந்தது. நாலு இலையும் கோடு பிடித்தது போல ஒழுங்காக இருந்தன. ஸ்டவுட் பீர் போத்தல், சுருட்டு, ஆட்டுக்கறி, வறுத்த மீன். ஐந்தாவது இலை கடைசியில், கொஞ்சம் கோணலாக, தலைமாடு கால்மாடு மாறிக் கிடந்தது. அதில் ஒரு கை சோறு, ஒரு துண்டுக் கறி. பக்கத்தில் வறுத்த பச்சைப் பட்டாணி ஒரு சின்னக் குவியல்.

அந்தப் பட்டாணியிலேயே அவள் கண் நின்றுவிட்டது.

பள்ளிக்கூட வேலியைப் பற்றிப் பஞ்சாயத்தில் யாரும் பேசவில்லை. மறந்துவிட்டார்கள். கிடங்கில் பகல் ஓய்வு விடும்போது சந்திரமதி சில நாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போவாள். வேலிக்கு அந்தப் பக்கம் விஜயா, இந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு கச்சான் பூத்தே கடலைப் பொட்டலம். கலந்து கிடக்கும் கடலைகளில் பச்சைப் பட்டாணியை மட்டும் பொறுக்கி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை விஜயா தின்பாள். சந்திரமதிக்குப் பச்சைப் பட்டாணி பிடிக்கும் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு உயிருக்குத்தான் தெரியும். பொன்னுதுரைக்கே தெரியாது. அவன் என்றைக்குக் கேட்டான்?

இலையிலிருந்து கண்ணை எடுத்தாள். உள்ளே சுவரோரமாகப் பாக்கியலட்சுமி நின்றாள். அவள் முந்தானைக்குள் விஜயா. பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. பாக்கியலட்சுமியின் கை அதன் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. அடிக்கிற பிடி இல்லை அது. ஓடிப்போய் எதையாவது உளறிவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிற பிடி.

சயாமுக்குப் போன புருஷனுக்கு இலை போடச் சொல்லி ஊரே சொன்னபோது பாக்கியலட்சுமி எத்தனை வருஷம் மறுத்தாள் என்பது சந்திரமதிக்குத் தெரியும். அந்த வீட்டு மருமகளாக இருந்தபோது கண்ணாலேயே பார்த்தவள். "எங்கியாவது உசுரோட இருந்தா? என் கையாலயே அவர சாகடிக்கச் சொல்றீங்களா?" என்று படையல் அன்றைக்கெல்லாம் கதறுவாள். ரயில் வேலையில் கூட இருந்து திரும்பி வந்த ஆள் ஒருவன், நானே மண் தள்ளினேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் நாலாவது இலை வந்தது. அப்படிப்பட்டவளா உயிரோடு இருப்பவளுக்கு இலை போட்டாள்?

போட்டது பிள்ளை. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றபோது அடுப்படிப் பக்கமாக நுழைந்து போட்டிருக்கிறது. பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டவள் பாக்கியலட்சுமி. பெற்ற தாய்க்கே இலை போட்ட பிள்ளை என்று ஒரு பேர் வந்துவிட்டால் இந்த ஊர் அதைக் கல்யாணம் வரைக்கும், அதற்குப் பிறகும் விடாது. சந்திரமதி நாளைக்கு ஒரு காய்ச்சலில் படுத்தாலும், சைக்கிளிலிருந்து விழுந்தாலும், நான்தான் இலை போட்டேன், என்னால்தான் என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும்.

தனக்கு வரும் தோஷத்தைத் தூக்கி எறிய அவளால் முடிந்தது. இதை எறிய முடியவில்லை.

"தண்ணி குடுங்க," என்றாள் சந்திரமதி. "கை கழுவணும்."

கண்ணம்மா அவள் கையைப் பிடித்தாள். "நாளைக்கு?"

"நாளைக்கு இல்ல. விடுங்கக்கா."

மசாலாக் கையைக் கழுவிக்கொண்டு படியேறினாள். அந்தப் படியை மிதித்து மூன்று வருஷமாயிற்று. ஐந்தாவது இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலையைச் சுற்றித் திருப்பி, உயிரோடு இருப்பவர்கள் சாப்பிடும் விதமாக நுனி இடது பக்கம் வரும்படி போட்டுக்கொண்டாள். "விஜயா, இங்க வா. அம்மாகூட உக்காரு," என்றாள். பாக்கியலட்சுமியின் கை பிள்ளையின் தோளை விட்டது.

அவள் சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்ததை அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மென்று விழுங்கினாள். விஜயா ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவள் காதுக்கு வாயைக் கொண்டுவந்தாள்.

"பேரு சொல்லிக் கூப்புட்டா எல்லாரும் வருவாங்கன்னு அத்த சொன்னாங்கம்மா. தாத்தாகூட வருவாங்கன்னாங்க. நீதான் இங்க வரவே மாட்டேங்கற. அதான்..."

சந்திரமதி ஒரு வாய்ச் சோற்றை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்து அடைத்தாள். "பேசாம சாப்புடு. நான்தான் வந்துட்டேன்ல?" பிள்ளையின் கண்ணில் நீர் முட்டியது. "அழக் கூடாது. அம்மாவப் பாரு. எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் நூறு வயசு இருப்பேன்."

பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். யாரோ சோறு போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் பாக்கியலட்சுமி. பார்வை பார்வையோடு முட்டியது. சந்திரமதியின் வாய்வரைக்கும் ஒரு சொல் வந்தது. வேண்டாம் என்பது போலப் பாக்கியலட்சுமி கண்ணை மூடித் திறந்தாள். கறியை அள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தாள். சாவு வீட்டில் சாப்பிட்டவர்கள்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். முற்றத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. கலியாணசுந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தோஷம் கழிஞ்சிது. இந்தத் தீபாவளிச் சாப்பாடும் முடிஞ்சிது. இனிமே பொங்கலுக்குத்தான்."

"தலைவரே," என்றாள் பாக்கியலட்சுமி. எச்சில் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். "இந்த எலைய நான் யாருக்குப் போட்டேன்?"

"அதான் எல்லார் முன்னாலயும் சொன்னியே. இந்தப் பொண்ணுக்கு."

"செத்தவளுக்குப் போட்டேன். படையல்ல வேற யாருக்குப் போடுவாங்க? அவ என் கண்ணுக்குச் செத்தவ, அதான் போட்டேன். அப்ப இதுல சாப்புட்டது யாரு? செத்தவ. உசுரோட இருக்கறவளுக்கு தீபாவளிச் சோறு இன்னும் குடுக்கல."

கலியாணசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா பேச்சு இது? அவ வந்து ஒக்காந்து சாப்புட்டுத்தான தோஷம் கழிஞ்சிது?"

"தோஷம் கழிஞ்சிது. கணக்கு கழியல. படையல் சோத்தப் பந்தியில சேக்கற ஊரு எங்க இருக்கு? ஒங்க அப்பாவுக்கு வருசா வருசம் படைக்கிறீங்களே, அவரு எத்தன வேள சாப்புட்டாருன்னு பாத்துக்கிட்டா இருக்கீங்க?"

சின்னப்பா சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். தலைவர் பொன்னுதுரையைப் பார்த்தார். பொன்னுதுரை வழக்கம்போலத் தரையைப் பார்த்தான். ஆனால், "அக்கா சொல்றது சரிதான், தலைவரே," என்று தரையிடம் சொன்னான். பிறந்ததிலிருந்து அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வந்தவன் உருப்படியாக ஆட்டியது அன்றைக்குத்தான். "சரி, நாளைக்குப் பிள்ள போகட்டும்," என்று தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பேய்ப் பொம்பள," என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். "உசுரோட இருக்கறவளுக்கு இலை போட்டதுமில்லாம வாயப் பாரு." பாக்கியலட்சுமிக்கு அது கேட்டது. கேட்காதது போல நின்றாள்.

சந்திரமதி படியிறங்கித் திரும்பினாள். "போயிட்டு வர்றேன், அண்ணி," என்றாள். அண்ணி என்று கூப்பிட வேண்டும் என்று நினைக்கவில்லை. பழைய பழக்கத்தில் வந்துவிட்டது.

"வா," என்றாள் பாக்கியலட்சுமி.

மறுநாள் பகல் கண்ணம்மா வீட்டுக் கூடத்தில் பந்தி. சின்னப்பா குடும்பம் வந்திருந்தது. கிடங்குப் பெண்கள் வந்திருந்தார்கள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விஜயா வந்தாள். சந்து முனையிலேயே கையை விட்டுவிட்டு, "கறியில எலும்பு இல்லாம பாத்து வைக்கச் சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாக்கியலட்சுமி திரும்பிப் போய்விட்டாள். சந்திரமதி வாசலுக்கு ஓடி வந்து பார்த்தபோது முதுகுதான் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

அவர்களுக்கோ வேறு பேச்சே இல்லை. இந்தத் தடவை யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க அவளுக்கு," என்றாள் சின்னப்பாவின் பெண்டாட்டி. "கட்டுன புருசனுக்கு எலை போடமாட்டேன்னு ஊரக் கூட்டி அழுதவ. அடுத்தவ தாலியக் கழட்டி வச்சிட்டுப் போனா, அவளச் சாகடிக்கக் கூச்சமே இல்ல. இவளா நம்ம விஜயாவ வளக்கறா? சந்திரா, நீ கோயில்ல போய்ச் சொல்லு. இதுக்கு மேலயும் பிள்ளய அங்க விடலாமா?"

"ஆமா, சொல்லணும்," என்றாள் கிடங்குப் பெண். கண்ணம்மாவும் தலையை ஆட்டினாள். சிநேகிதர்கள் எல்லோரும் ஒரேயடியாகச் சந்திரமதியின் பக்கம் வந்துவிட்டார்கள். மூன்று வருஷமாக அவள் ஆசைப்பட்டது அதுதான். இப்போது ஒரு சொல் சொன்னால் போதும், பஞ்சாயத்தைத் திரும்பக் கூட்டிப் பிள்ளையையே கேட்டு வாங்கிவிடலாம். பாக்கியலட்சுமி வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த எண்ணம் வந்து போகவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது.

விஜயாவின் கை இலையில் அப்படியே நின்றிருந்தது. அவள் முகம் சிவந்து, வாய் கோணிக்கொண்டு வந்தது. "அத்த போடல," என்று தொடங்கினாள்.

"விஜயா!" என்று சந்திரமதி போட்ட அதட்டலில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். வருஷத்தில் மூன்றே வேளை பக்கத்தில் உட்காரக் கிடைக்கும் பிள்ளையை அவள் அதுவரை அதட்டியதே இல்லை. பிள்ளை பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டது. அதன் கண்ணீர் சோற்றில் சொட்டியது.

சந்திரமதி கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பரிமாறினாள். "அவங்க பேச்ச என் வீட்டுப் பந்தியில பேச வேணாம்," என்றாள். "சாப்புடுங்க."

பயந்துபோயிருக்கிறாள், பாவம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டு, சந்திரமதி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கறியிலிருந்து எலும்பைப் பிரித்துப் பிரித்து அவள் இலையில் வைத்தாள்.